பால்மர விறகு பிளத்தலும் அடுக்கலும்: நெகிரி செம்பிலான் லயங்களை முன்வைத்து

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதை கொண்டுபோனதும், மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கியதும், பின்னாளில் ரிட்லி பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்ததும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இவையெல்லாம் மரம் உயிரோடிருந்த காலத்துக் கதைகள். இருபத்தைந்து, முப்பது வயதில் பால் வற்றிச் சாய்க்கப்பட்ட பின் அதற்கு நேர்ந்ததென்ன என்ற கேள்வியை அறிஞர் பெருமக்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கொல்லைப்புறத்திலேயே போட்டுவிட்டார்கள். ரந்தாவ், லிங்கி, லாபு வட்டாரத் தோட்டங்களை எல்லையாகக் கொண்டு அக்குறையை இக்கட்டுரை நீக்கும்.

முதலில் பிளத்தல். பருத்த அடிக்கட்டை பெரும்பாலும் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகைக்குப் போய்விடும். லயத்துக்கு மிஞ்சுவது கிளை, கணு, கவட்டை. ரப்பர் கட்டைக்கு நார் இழுக்கும் குணம் உண்டு. கோடாலி உள்ளே போகும், வெளியே வராது. அதிலும் தப்பித்தவறி அடிக்கட்டையில் பால் வெட்டிய பக்கம் கிடைத்தவன் பாவம் செய்தவன். கத்தி ஆழமாகப் பட்ட இடமெல்லாம் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். "எவண்டா இந்த மரத்த வெட்டுனவன்?" என்ற கேள்வி கொல்லைப்புறத்தில் எழும்போது, கிராணியின் செக்ரோல் பேரேட்டில் இருபது ஆண்டுகளாக நல்ல பெயரோடு இருந்த ஒருவர் மெல்ல எழுந்து வீட்டுக்குள் போவார். பால்வெட்டின் தரத்தை அளக்க இதைவிட நேர்மையான கருவி இல்லை என்பது இவ்வாய்வின் முதல் முடிபு.

அடுக்கலில் இரு கலைகள் உண்டு. வடகலையார் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவர். காற்று புகும் என்பது அவர்கள் வாதம். தென்கலையார் சுவரோடு ஒரே வாட்டமாக நெருக்கி அடுக்குவர்; காற்று புகும் வழியில் பாம்பும் புகும் என்பது இவர்கள் மறுப்பு. பட்டை மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்பதில் தென்கலைக்குள்ளேயே உட்பிரிவு கண்டு, ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். கோழிகள் மட்டும் இரு அடுக்கிலும் பேதமின்றி முட்டையிட்டன.

விறகு காய்ந்ததா என்பதை அறிய இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் அடுப்புக்கு, மொத்தென்றால் வெயிலுக்கு. இந்தச் சோதனையில் ஆண்களின் தீர்ப்பு செல்லாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் இருட்டில் எழுந்து ஊதுகுழலோடு புகை குடிப்பவள் யாரோ, தீர்ப்பும் அவளுடையதே.

குளிர்நாட்டார் இங்கே ஒரு ஐயம் எழுப்பலாம். அவர்களுடைய ரொபினியா மரம் கல் போன்றது. வேலிக்காலாக நட்டால் பல பத்தாண்டு மண்ணில் நிற்கும், விறகாக அடுக்கினால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். அப்படி நாமும் சேர்த்து வைத்தாலென்ன? முடியாது. ரப்பர் கட்டையில் மாச்சத்து அதிகம். சாய்த்த சில நாளிலேயே நீலம் பூத்துவிடும். பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். பேராசைப்பட்டு மலைபோல் அடுக்கியவர், அடியில் உள்ளதை எடுக்கப் போகும்போது கையில் வருவது உளுத்த தூள். தோட்டத்துச் சம்பளத்துக்கும் தோட்டத்து விறகுக்கும் உள்ள இந்த ஒற்றுமையைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய வேண்டும்.

தீ மூட்டுவது தனி அதிகாரம். ஒரு துண்டு ஒட்டுப்பால் போதும், ஈர விறகும் பற்றும். ஆனால் ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து. அது அடுப்புக்கு எப்படி வந்தது என்ற கேள்வியை வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் கேட்டதில்லை, அவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமல்லவா?

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் இத்துறை நசித்தது. செம்பனைத் தண்டு நீர் குடித்த நார்க்கூளம். அதைப் பிளந்து அடுப்பெரித்த தமிழர் எவருமில்லை. விறகின் இடத்துக்கு 14 கிலோ கேஸ் தோம்பு வந்தது. அதை எந்தக் கலைப்படியும் அடுக்க முடியாது. இடையே 1980களில் ரப்பர் கட்டைக்கு மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தி மேசை நாற்காலி செய்து கப்பலேற்றத் தொடங்கினார்கள். சிரம்பானில் பேரன் வாங்கிவந்த சாப்பாட்டு மேசையை, லயத்தில் வாழ்ந்து முடித்த ஒரு பாட்டி விரலால் தட்டிப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு இத்துறையின் கடைசி ஆவணம்: "நல்லா காஞ்சிருக்குய்யா. நாலு நாள் சோத்துக்குத் தாங்கும்."