புலமைப்பரிசில் பெருந்தகைக்கு ஒரு பொன்னாடை

கோணேசர் மலையில் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல். மறுபக்கம் திரும்பினால் இயற்கையே குடைந்து கொடுத்த துறைமுகம். இறங்கி வரும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆளைக் கண்டு ஓடாமல் நிற்கும். இவற்றையெல்லாம் பார்த்து வளரும் பத்து வயதுப் பிள்ளை தன்பாட்டில் கற்பனை செய்யத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரின் கதி என்ன? அப்பேராபத்திலிருந்து எம்மைக் காத்தருளும் மாட்சிமை தங்கிய தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெருந்தகையே! திருகோணமலைத் துறைமுகத்துக் குடிகள் சார்பில் தங்கள் திருத்தோளில் இப்பொன்னாடையைப் போர்த்துகிறேன்.

தங்கள் குலப்பெருமை சிறிதன்று. 1940களில், இலவசக் கல்வியின் தந்தை சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, நாட்டுப்புறத்து ஏழை வீடுகளில் பிறந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு எடுத்துப் படிப்பிக்க வழி செய்தபோது உதித்த வம்சம் தங்களுடையது. ஏழைக்குக் கதவு திறப்பதோடு நின்றுவிடத் தாங்கள் என்ன சாமானியரா? இன்று வசதியுள்ள வீட்டுப் பிள்ளையையும் பெரிய பாடசாலை வாசல் வரை கைபிடித்து அழைத்துச் செல்கிறீர்கள். ரியூசன் காசு கட்ட வழியில்லாத மீனவர் வீட்டுப் பிள்ளையையோ, வீண் அலைச்சல் கொடுக்காமல், இருந்த இடத்திலேயே இருத்தி வைக்கிறீர்கள். இந்தச் சமநோக்கு யாருக்கு வரும்?

தங்கள் மீது நாங்கள் கொண்ட பக்திக்கும் எல்லை கிடையாது. விடியமுன் தகரக் கொட்டிலில் ஒரு வகுப்பு. பாடசாலை விட்ட பின், வெயில் தகரத்தில் இறங்கும் நேரம் பார்த்து, இன்னொன்று. ஞாயிறும் தங்களுக்கே. பரீட்சைக்கு முந்திய நாட்களில் வகுப்பு வைக்காதீர்கள், மாதிரி வினாத்தாள் விற்காதீர்கள் என்று பரீட்சைத் திணைக்களமே தடை போட்டுத்தான் பிள்ளைகளை விடுவிக்க வேண்டியிருக்கிறது. சட்டம் போட்டு நிறுத்த வேண்டிய வழிபாடு வேறெந்தத் தெய்வத்துக்கு நடக்கிறது?

தங்கள் அருள் நிறைந்த வகுப்பறை ஒன்றில் அண்மையில் கட்டுரைக் கொப்பிகளைப் புரட்டிப் பார்க்கும் பேறு பெற்றேன். தலைப்பு, ‘நான் சென்ற சுற்றுலா’. திருக்கடலூர்ப் பிள்ளையொருத்தி எழுதியிருந்தாள்: அதிகாலை நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, நெடுந்தூரம் பயணம் செய்து, களைத்துப்போய்த் திருகோணமலையை அடைந்து, வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைக் கண்டு வியந்தாளாம். வீட்டு வாசலில் வலை காயும் பிள்ளை. கோயிலுக்கு நடந்தே போய் வருகிறவள். அடுத்த கொப்பியிலும் அதே பஸ், அதே நான்கு மணி, அதே வியப்பு. வழிகாட்டிப் புத்தகத்தில் கோணேஸ்வரத்தின் ஓர் எழுத்து விழுந்து ‘கோணேவரம்’ என்றிருந்தது போலும். அந்த வகுப்பின் எல்லாக் கொப்பிகளிலும் அது ‘கோணேவரம்’தான். ஓர் எழுத்தைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் காக்கும் இந்த ஒழுக்கத்தை ஏடு படியெடுத்த நம் முன்னோரும் எட்டியிருக்க மாட்டார்கள். சித்திரக் கொப்பிகளும் அவ்வாறே: இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை, ஓர் ஆறு. கடலோரத்துப் பிள்ளைகளில் ஒருவர்கூட ஒரு தோணி கீறித் தங்கள் மனதைப் புண்படுத்தவில்லை.

நூலக அலுமாரியையும் தரிசித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கதைப் புத்தகங்கள் ஒரு மூலை மடியாமல், ஒரு விரல் அழுக்குப் படாமல், புது வாசனை மாறாமல் வீற்றிருந்தன. பூட்டிலும் துருவில்லை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவை எவ்வளவு மகிழ்ந்திருப்பாள் என்று அன்றுதான் விளங்கிற்று.

முடிவு வந்ததும் தாங்கள் நடத்தும் கொலுவை எப்படிப் பாடுவேன்! வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் முகங்கள் பதாகையிலேறிப் பாடசாலை மதிலில் சிரிக்கும். மற்றப் பிள்ளைகள் தினமும் காலையில் அந்தப் பதாகைக்குக் கீழாலேதான் உள்ளே போக வேண்டும். தான் யார் என்பதைப் பத்து வயதிலேயே ஒரு மனிதனுக்குத் தெளிவாக அறிவித்துவிடும் ஞானகுருவை உலகம் இதற்குமுன் கண்டதில்லை.

ஒரு சிறு குறை மட்டும் நான் கொப்பி பார்த்த அந்த வகுப்பில் முன்னர் இருந்ததாம். அதையும் தாங்கள் தீர்த்துவிட்டீர்கள். சீனன்குடா மாவாலைக்குக் கோதுமை ஏற்றி வந்த கப்பலை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த பொடியன் ஒருவன் எழும்பிக் கேட்டானாம்:

“சேர், ஒரு சின்ன ஆணி தண்ணியில தாழுது. இவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் ஏன் தாழல்ல?”

“அது பேப்பருக்கு வராது. இரு.”

இருந்தான். நான் போனபோது அவன் யன்னலுக்கு முதுகு காட்டும் வாங்கில் இருந்தான். அந்தக் கேள்விக்குப் பிறகு அவன் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.