கட்டளை வரியில் இடைவெளி: ஓர் அறிமுக ஆய்வு

1. ஆய்வின் தேவை

நிரலின் பெயரைத் தட்டி, பின்னால் நாலைந்து ஆர்க்யுமென்ட்களையும் தட்டி என்டர் அழுத்துகிறோம். அந்த வரியை எங்கே வெட்டுவது? யார் வெட்டுவது? இதை இதுவரை எவரும் ஆராய்ந்ததில்லை (காண்க: இதை ஆராய்ந்த நூல்கள் அனைத்தும்).

2. மரபுகள் மூன்று

அ. டாஸ் மரபு. மொத்தம் 127 பைட். அதில் ஒன்று என்டருக்கு. விரித்துரைக்க இடமில்லை.

ஆ. யூனிக்ஸ் மரபு. வெட்டுவது ஷெல், * குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பதும் அதுவே. துண்டுகளைக் கெர்னல் வாங்கிப் புதிய நிரலின் ஸ்டாக்கில் வைக்கும். நாம் தட்டியது என்ன என்று நிரலுக்குத் தெரியாது. ‘-ஆர்’ என்று பெயரிட்ட கோப்பு இருக்கும் ஃபோல்டரில் ‘ஆர்எம் *’ கொடுத்தால், பெயரை ஆப்ஷனாகக் கொண்டு உள்ஃபோல்டர்களையும் சேர்த்து அழித்துவிடும்.

பூச்சியமாம் ஆர்க்யுமென்ட் நிரலின் சொந்தப் பெயர். இது வழக்கமே, சட்டமன்று. லினக்ஸின் பிகேஎக்ஸெக் என்னும் நிரல் 2009 முதல் ஒன்றிலிருந்தே எண்ணி வந்தது. பட்டியல் காலியாக வந்தால், அடுத்திருக்கும் சூழல் மாறிகளை ஆர்க்யுமென்ட் என்று படித்துவிடும். ஓட்டை 2022-இல் அம்பலமானது. முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படிப்பது நிரல்களுக்கு மட்டுமே உரிய வழக்கமன்று. நூல் மதிப்புரை எழுதுவோர்க்கும் உண்டு.

இ. விண்டோஸ் மரபு. இங்கே வரி வெட்டப்படாமல் முழுசாக வரும், 32,767 எழுத்துவரை. வெட்டுவது அந்தந்த நிரலின் பாடு. பெரும்பாலானவை பின்பற்றும் விதி வருமாறு:

பேக்ஸ்லாஷ் தனித்து வரின் தானே ஆகும். மேற்கோள் குறிக்கு முன் இரட்டைப்படையில் வரின் பாதியாகும். குறி வேலியாக நிற்கும். ஒற்றைப்படையில் வரின், எஞ்சிய ஒன்று குறியை வெறும் எழுத்தாக்கி மாயும்.

எடுத்துக்காட்டு: "டி:\பழைய படங்கள்\" "டி:\புதியவை"

ஃபோல்டர் இரண்டு, நிரலுக்குக் கிட்டும் ஆர்க்யுமென்ட் ஒன்று. முதல் ஃபோல்டரின் கடைசி பேக்ஸ்லாஷ் வேலியைத் தின்றுவிட்டது. ‘பயனரே குற்றவாளி’ என்பர் ஒரு சாரார். ‘பேக்ஸ்லாஷே’ என்பர் மறுசாரார். இருசாராரும் ஒரே கட்டுரையை மூன்று கருத்தரங்குகளில் வாசித்துச் சால்வை பெற்றோரே (காண்க: முதலாமவர் இரண்டாமவரை மறுத்தது, இரண்டாமவர் அம்மறுப்பைத் தமக்கான பாராட்டாக மேற்கோள் காட்டியது, அம்மேற்கோளை முதலாமவர் தம் அடுத்த பதவி உயர்வு விண்ணப்பத்தில் இணைத்தது). விண்டோஸின் ஷெல்லான சிஎம்டிக்கோ ^ என்ற தனிக் குறியும் 8,191 எழுத்து என்ற தனி எல்லையும் உண்டு. அதை விளக்கத் தனி நிதிநல்கை வேண்டும்.

3. முடிவு

ஃபோல்டர் பெயரில் இடைவெளி விடாதீர்கள், அடிக்கோடு போடுங்கள். இவ்வறிவுரையை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று பெயர் வைத்தவர்களுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.