சத்தம் போடக்கூடாத வாத்தியம்

ஷிசுவோகா, ஜப்பான்
ஜூன் மாசம், விடாத மழை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நீங்க வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினதைக் கேட்டேன். "கெழவன் கெழவியப் பாத்துக்கத்தானேடா அவ்ளோ சல்லி கட்டி அனுப்புனோம், வீணை வாசிக்கவா அனுப்புனோம்?" நியாயமான கேள்விதான். பின்னால பெரியம்மா சிரிக்கிறதும் கேட்டுச்சு. போனில் பதில் சொன்னா பாதியிலேயே நீங்க தப்பு அடிச்ச கதையை ஆரம்பிச்சிடுவீங்க. அதனாலதான் இந்தக் கடிதம்.

இலையுதிர் காலத்துல எங்க முதியோர் இல்லத்துல ஒரு விழா. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஜப்பான் வாத்தியம் வாசிக்கணுமாம். "விருப்பம் இருந்தா"ன்னு சொல்லிக்கிட்டே பேர் எழுதிக்கிட்டாங்க. வியட்நாம் பொண்ணு மேளத்தைப் பிடிச்சிட்டா. நேபாளத்துப் பையன் புல்லாங்குழலுக்கு ஓடிட்டான். எனக்கு மிஞ்சினது தந்தி வாத்தியம், அதுலயும் எதுன்னு நானே தேர்ந்தெடுக்கணும்.

முதல்ல கோட்டோ பார்த்தேன். ஆறடி நீளம், பதிமூணு தந்தி. என் அறையில மெத்தையை விரிச்சா கோட்டோ நிக்கணும், கோட்டோவைக் கிடத்தினா நான் நிக்கணும். மூணு விரல்ல நகம் மாட்டித்தான் வாசிக்கணும். இக்குத்தா வழியில போனா சதுர நகம், யமதா வழியில போனா உருண்டை நகம். நம்ம தோட்டத்துச் சங்கச் சண்டையே இந்த ஜென்மத்துக்குப் போதும்னு விட்டுட்டேன்.

அடுத்தது பீவா. இதை அம்மாகிட்ட கட்டாயம் சொல்லுங்க. நம்ம சரஸ்வதி சீனா வழியா பௌத்த ஏடுகளோட இங்க வந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏஜென்சியும் இல்ல, மொழிப் பரீட்சையும் இல்ல. இங்க பேர் பென்சைட்டென், மடியில வீணைக்குப் பதிலா பீவா. லட்சுமியும் வந்திருக்காங்க, ஆனா அவங்க வேலையையும் சேர்த்து சரஸ்வதிதான் பாக்குறாங்க. இந்த நாட்டுல எல்லாத்துலயும் ஆள் பற்றாக்குறை. கமகுரால அவங்க கோயில் குகையில ஒரு ஊற்று இருக்கு. அதுல பணத்தைக் கழுவினா பெருகுமாம். நானும் கூடையில ஆயிரம் யென் நோட்டைப் போட்டுக் கழுவினேன். பெருகல. காயத்தான் ரொம்ப நேரமாச்சு. பீவா சொல்லிக் கொடுக்க இந்தப் பக்கம் ஆளும் கிடைக்கல.

கடைசியில நின்னது ஷமிசென். மூணே தந்தி, மெட்டு கிடையாது. பட்டு நூலை மஞ்சள்ல தோய்ச்சுத் தந்தி முறுக்குறாங்க. மீட்டுறதுக்குக் கையில பிடிக்கிற பாச்சி அசல் தோசைக்கரண்டிதான். உசத்தியான ஷமிசென்னுக்குத் தண்டு எதுல செய்வாங்க தெரியுமா? ஆந்திரா மலையில வளருற செம்மரம். பெட்டிக்கு மேல இழுத்துக் கட்டுறது பூனைத்தோல். (பெரியம்மாவுக்கு இந்த வரியை வாசிக்காதீங்க.) வடக்கே ட்சுகாருப் பக்கம் அடிச்சு வாசிக்கிற தடிச்ச ஷமிசென்னுக்கு நாய்த்தோல். என்னுது பழைய சாமான் கடையில எடுத்தது. பிளாஸ்டிக் தோல், எந்த மரம்னு கடைக்காரருக்கே தெரியல. எந்தப் பூனையும் சாபம் விடாது.

வாங்கிட்டு வந்த பிறகுதான் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். செல்லப்பிராணி கூடாது, வாத்தியம் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினாக்கூட வாயைப் பொத்திக்கிட்டுத் தும்முற கட்டடம் இது. அங்க ஒரு வீட்டுக் குக்கர் விசில் அடிச்சா நம்ம லயத்துல அஞ்சு வீட்டுல அடுப்பை அணைப்பாங்களே, அதைச் சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

ஷமிசென் சொல்லித் தர்ற டீச்சர்கிட்ட முறையிட்டேன். அவங்க பையிலிருந்து ஒரு சின்னக் கட்டையை எடுத்து நீட்டினாங்க. பேர் ஷினோபி கோமா. தந்திக்கு அடியில நிக்கிற குதிரை தோல் மேலதானே உட்காரணும்? இது நீளமான குதிரை, ரெண்டு முனையும் தோலைத் தொடாம மரச்சட்டத்துல போய் உட்காருது. தோல் அதிராது, சத்தம் எழும்பாது. யோசிச்சுப் பாருங்க பெரியப்பா. சத்தம் வரணும்னு பூனையைக் கொன்னு தோலெடுத்து, செம்மரம் வெட்டி, பட்டு முறுக்கி ஒரு வாத்தியம் செஞ்சாங்க. அப்புறம் அந்தச் சத்தம் வராம இருக்க இன்னொரு சாமான் செஞ்சு அதையும் விக்கிறாங்க. அதை மாட்டிக்கிட்டு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து வாசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்குக் கேக்கல, எனக்கும் கேக்கல. "வீட்டுல வாசிச்சீங்களா?"ன்னு டீச்சர் கேக்குறாங்க. வாசிச்சேன். "நல்லா வந்துச்சா?" அது எனக்கெப்படித் தெரியும்? கோயில் ஒலிபெருக்கிக்கு ஒன்னு, உங்க குறட்டைக்கு ஒன்னு வாங்கி அனுப்பலாம்னு பார்த்தேன். உங்களுக்கு எந்தச் சட்டத்துல மாட்டுறதுன்னுதான் யோசனை. சத்தமா வாசிக்கணும்னா கராஓகே கடையில மணிக்கணக்குக்கு ஒரு அறை எடுக்கணும். எல்லாரும் பாட வர்ற இடத்துல நான் மட்டும் தோசைக்கரண்டியோட போறேன்.

இப்ப நீங்க கேக்க வேண்டிய கதை. ட்சுகாருப் பக்கம் இந்த ஷமிசென்னை யார் வாசிச்சாங்க தெரியுமா? கண் தெரியாதவங்க. பனியில வீடு வீடா நின்னு வாசிச்சு அரிசி வாங்கிப் பிழைச்சாங்க. வாசலுக்கு உள்ள விட மாட்டாங்க. தக்காஹாஷி சிக்குசான்னு ஒருத்தர், 1910ல பிறந்தவர், சின்ன வயசுலயே பார்வை போய் அப்படி அலைஞ்சவர்தான். பிறகு தோக்கியோ மேடை, அமெரிக்கான்னு போய், 1998ல சாகும்போது பெரிய வித்துவான். இன்னைக்கு அந்த வாசிப்புக்கு ஹிரோசாக்கில வருஷா வருஷம் போட்டி நடக்குது. 2002லிருந்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைங்க எல்லாரும் நாட்டு வாத்தியம் ஒன்னையாவது தொட்டே ஆகணும்னு பாடத்திட்டத்துலயே இருக்கு.

நம்ம ஊர்ல நான் தப்பைத் தொட்டுட்டு வகுப்புக்குப் போன அன்னிக்குக் கையைக் கழுவிட்டு வரச் சொன்னாங்க. காமன் கூத்துக்கு விடிய விடிய அடிச்ச உங்களுக்கு அரைப் போத்தலைக் கொடுத்து, "சரி, ஓரமா நில்லு"ன்னாங்களே, அதை இன்னும் நான் மறக்கல. டீச்சர் சிக்குசான் கதையைச் சொன்னப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு. யார் மேலன்னு அவங்களுக்கு எப்படி விளங்க வைக்கிறது? "கால் மரத்துப்போச்சு டீச்சர்"னு சொல்லிட்டேன். மண்டியிட்டுத்தானே உட்காரணும், அதுவும் பொய்யில்ல.

இந்த ஊரும் தேயிலைதான். மக்கினோஹாராங்கிற மேட்டுநிலத்தை 1869ல வேலை போன சாமுராய்ங்க வந்து திருத்திச் செடி வெச்சாங்க. மலை முழுக்கத் தூண்ல மின்விசிறி நிக்குது. மனுசனுக்கு இல்ல, செடிக்கு, பனி கருக்காம இருக்க. மெஷினை ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் பிடிச்சு நடந்தா நிரை முடிஞ்சுடுது. அம்மாகிட்ட சொல்லாதீங்க, முழங்கை வலி அதிகமாயிடும்.

எங்க இல்லத்துல ஒரு பாட்டி, சின்ன வயசுல கையால கொழுந்து பறிச்சவங்க. என் பேர் அவங்களுக்கு நிக்கிறதே இல்ல. எங்கம்மா கொழுந்து பறிக்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு. 'சாட்சுமி'ன்னு கொழுந்து பறிக்கிற பாட்டு ஒன்னு, 1912லயே பள்ளிக்கூடப் புத்தகத்துல வந்தது. விழாவுல அதைத்தான் வாசிக்கணும்னு பிடிவாதம். எதிர்ல யாராவது உட்கார்ந்தா உள்ளங்கையைத் தட்டிக்கிட்டே பாடுவாங்க. ஆள் இல்லாட்டி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காத்துல கிள்ளிக்கிட்டே இருக்கும். அவங்க வேகத்துக்கு என் தோசைக்கரண்டி எட்டல. "இப்படிப் பறிச்சா கூடை எப்ப நிறையும்?"ங்கிறாங்க. கங்காணி இல்லாத ஊருக்கு வந்தும் எனக்கு அரைப்பேருதான், அரைநாள் கூலி.

ஒரு வேலை இருக்கு. மழைக்காலம் வந்தா இங்க ஷமிசென் தோல் வெடிச்சுடுமாம், டீச்சர் புலம்புறாங்க. எங்க பெரியப்பா தப்பை நெருப்புல காய்ச்சி எடுப்பார்னு சொன்னேன். அதைப் பார்க்கணும்கிறாங்க. அடுத்த தரம் காய்ச்சும்போது தம்பியை வீடியோ எடுக்கச் சொல்லுங்க. போனைப் படுக்க வெச்சுப் பிடிக்கட்டும். நீங்க சட்டை போட்டுக்கிட்டு நில்லுங்க, வாயில வெத்தலை வேணாம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்

பி.கு. இந்த மாசம் சல்லி கொஞ்சம் குறையும். காரணத்தைப் பெரியம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க, பூனையை விட்டுட்டு.