சிவப்பு லைட்டும் சீமை வைத்தியமும்

ஏங்கண்ணு, காலங்காத்தால பானெட்டைத் தொறந்து போட்டுட்டு செல்போனையே பாத்துக்கிட்டு நிக்கிற? சீக்கு வண்டிக்கா, போனுக்கா? நெத்தியில லைட்டு, கையில ஊதாக் கலர் கிளவுசு, டேஷ்போர்டுக்கு அடியில சொருகுனா புளூடூத்துல ஜாதகம் சொல்ற கருவி. எல்லாம் இருக்குது. பெல்ட்டை ஒருக்கா தொட்டுப் பாத்தியா? இல்லையில்ல!

வீடியோவுல எவனோ "ஆல்ட்டர்னேட்டர் போச்சு"ன்னு சொன்னானாமா. நீயும் ஆன்லைன்ல ஆர்டர் போடப் போறியாமா. அவன் உன்ற வண்டியைப் பாத்தானா, உன்ற பணத்தைப் பாத்தானா?

புது டெக்னாலஜி மாமான்னு என்னையப் பயமுறுத்தாத. 1960-லயே அமெரிக்காவுல கிரைஸ்லர்காரன் வேலியன்ட்டுங்கிற காருல ஆல்ட்டர்னேட்டரை மாட்டி வித்துட்டான். அதுக்கு உன்ற அப்பனை விட வயசு சாஸ்தி. அதுக்கு முந்தி டைனமோ. மெதுவா சுத்துனா அது கரண்டு குடுக்காது. சந்தைக் கூட்டத்துல வண்டி ஊர்ந்து போனா ஹெட்லைட்டு அழுது வடியும். அந்தக் கொறையைத் தீர்க்கத்தான் இது வந்துச்சு.

சமாச்சாரம் இவ்வளவுதான். பேட்டரி தண்ணித் தொட்டி, ஆல்ட்டர்னேட்டர் கெணத்து மோட்டார். தொட்டி வத்திப்போச்சுன்னா மோட்டாரைக் கழட்டுவியா, பைப்பு எங்கயாச்சும் ஒழுகுதான்னு பாப்பியா?

அதுனால மொதல்ல கண்ணைத் தொறந்து பாரு. பேட்டரி டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்துக் கெடக்குதா? சுடுதண்ணி ஊத்திக் கழுவி, தேச்சு, இறுக்கு. பெல்ட்டுல வெடிப்பு விட்டிருக்குதா? ஸ்டார்ட் பண்ணுனதும் கீச்சுன்னு கத்துதா? அது தொளதொளன்னு இருக்கிற பெல்ட்டு. சில வண்டியில அதே பெல்ட்டுதான் வாட்டர் பம்பையும் சுத்தும். அறுந்துச்சுன்னா சார்ஜும் நின்னு இன்ஜினும் கொதிச்சுப் போயிரும்.

சாவியைத் திருப்புனா பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட்டு எரியோணும். இன்ஜின் ஓடுனதும் அணையோணும். ஓடும்போதும் எரிஞ்சா சார்ஜ் ஏறலை. சாவி போட்டும் எரியலைன்னா "ஆகா, வண்டி சுத்தம்"னு குதிக்காத. பல்பு பியூஸ் போயிருக்கும், இல்லாட்டி ஒயர் அறுந்திருக்கும். பல வண்டியில அந்த லைட்டு வழியாத்தான் ஆல்ட்டர்னேட்டருக்கு முதல் உசுரே போவுது.

அடுத்தது மல்டிமீட்டர். அது மட்டும் நல்ல சாமான், வாங்கிக்கோ. ராத்திரி பூரா நின்ன வண்டியில பேட்டரி 12.6 வோல்ட் காட்டுனா வயிறு ரொம்பியிருக்குது. 12-க்குப் பக்கமா இருந்தா பட்டினி. இப்ப இன்ஜினை ஓட விடு. 13.8-ல இருந்து 14.5 வரைக்கும் வரோணும். அசையாம 12-லயே நின்னா கரண்டு வரலை. 15-ஐத் தாண்டுனா ரெகுலேட்டர் கெட்டுப்போச்சு. பேட்டரித் தண்ணியைக் கொதிக்க வெச்சு பல்பையும் ஊதிப்போடும். இப்பத்த வண்டியில கம்ப்யூட்டரே வோல்ட்டேஜை ஏத்தி எறக்குது, அதுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. உன்றது பழைய ஆல்ட்டோதானே, பொருந்தும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரு ஒருத்தரு இருக்கிறாரு. காலையில வண்டி கெளம்பலைன்னா புதுப் பேட்டரிதான். கடைக்காரனுக்கு அவரைக் கண்டா நோம்பி. கடைசியில பாத்தா ஆல்ட்டர்னேட்டருக்குள்ள டயோடு ஒண்ணு கசிஞ்சு, ராவெல்லாம் பேட்டரியைக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்குது. மீட்டரு வெலையில தீர வேண்டிய வம்பு!

எங்க வயசுக்காரனுகளும் லேசுப்பட்டவனுக இல்ல கண்ணு. "ஓடும்போதே டெர்மினலைக் கழட்டு, வண்டி நிக்கலைன்னா ஆல்ட்டர்னேட்டர் நல்லாருக்குது"ம்பானுக. டைனமோ காலத்து ரோசனை அது. இப்ப அப்படிக் கழட்டுனா வோல்ட்டேஜ் எகிறி டயோடையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொன்னுபோடும். மீசை நரைச்சவன் சொல்றான்னு எல்லாத்தையும் கேக்காத. நான் சொல்றதை மட்டும் கேளு.

ஆல்ட்டர்னேட்டர்தான் கெட்டதுன்னு ஆயிப்போச்சா? அப்பவும் அவசரப்படாத. பாதி நேரம் உள்ள கார்பன் தேஞ்சிருக்கும், இல்ல பேரிங் கத்தும். ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்டக் குடுத்தா சொற்பக் காசுல மாத்திக் குடுப்பான். டப்பாவுல வந்தாத்தான் வைத்தியமா?

சரி, மாத்தியே தீருவேன்னு நிக்கிற. மொதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டு. ஆல்ட்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற தடிச்ச ஒயர் நேரா பேட்டரியில இருந்து வருது, சாவியைப் புடுங்கி பாக்கெட்டுல போட்டாலும் அதுல கரண்டு இருக்கும். ஸ்பேனர் பாடியில பட்டா தீபாவளிதான். அப்புறம் போல்ட்டை லூசு பண்ணி, பெல்ட்டை எறக்கு. பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சு புல்லியில எத்தனை கோடு, போல்ட்டு ஓட்டை எங்க, ஆம்பியர் எவ்வளவுன்னு பொண்ணு பாக்கிற மாதிரி பாக்காம, கடன்காரன் பத்திரத்தைப் பாக்கிற மாதிரி பாரு. மாட்டும்போது கம்பி வெச்சு நெம்பி பெல்ட்டை இறுக்கோணும். நெம்புறதை அலுமினியப் பின்பக்கத்துல வெச்சீன்னா பொளந்துக்கும். ரொம்பவும் இறுக்காத, பேரிங் அழுவும். நடுவுல கட்டைவெரலை அழுத்துனா ஒரு சென்டிமீட்டர் போல அமுங்குனாப் போதும். நெகட்டிவைக் கடைசியில மாட்டு.

செத்த பேட்டரியோட புது ஆல்ட்டர்னேட்டரை ஓட விடாத. சார்ஜர்ல போட்டு உசுரு குடுத்துட்டு மாட்டு, இல்லாட்டி புதுசு மொத நாளே மூச்சு முட்டி வெந்துபோயிரும். பொறவு ஹெட்லைட்டு, காத்தாடி எல்லாத்தையும் போட்டு மீட்டரைப் பாரு. 13.5-க்கு மேல நிக்குதா? அவ்வளவுதான்.

பழசை வேஸ்டுன்னு எறியாத. கடையில எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்குவான், கேட்டுப் பாரு. கிளவுசோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடோணுமா? போட்டுக்கோ சாமி. அதுக்கு முந்தி, தட்டுல ஒரு போல்ட்டு மிச்சம் கெடக்குதே, அது எங்க இருந்து வந்துச்சுன்னு பாரு.