மழைக்கு ஒதுங்கிய மண்டபம்

1993 நவம்பரில் ரோம் நகரம் எனக்கு ஒன்றரை நாள் வாய்த்தது. மிலானில் அலுவலக வேலை முடிந்து ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் மிச்சமான ஒன்றரை நாள். சட்டைப்பையில் சுருட்டி வைத்த லிரா நோட்டுகள், விடுதிக்காரர் இனாமாகக் கொடுத்த வரைபடம், தோளில் இரவல் கேமரா, அதற்குள் 36 படங்களுக்கு மட்டுமே இடமுள்ள ஒரே ஒரு சுருள். காசை எண்ணுவதுபோலப் படத்தையும் எண்ணி எண்ணி எடுத்தோமே, நினைவிருக்கிறதா உங்களுக்கு?

நவோனா சதுக்கத்திலிருந்து திரேவி நீரூற்றுக்குப் போகக் கிளம்பியவன் சந்துகளில் வழி தவறினேன். மழை பிடித்துக்கொண்டது. வரைபடம் நனைந்து, மடிப்பு விழுந்த இடத்தில் சரியாக நான் நின்ற தெருவே கிழிந்துபோனது. எதிரே பெரிய கல்தூண்களோடு ஒரு முகப்பு தெரிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மழைக்கு ஒதுங்கலாம் என்று ஓடி உள்ளே நுழைந்தேன். உள்ளேயும் மழை பெய்துகொண்டிருந்தது.

அதுதான் பாந்தியன். கூரையின் உச்சியில் ஒன்பது மீட்டர் அகலத்துக்கு வானத்தையே திறந்து விட்டிருந்தார்கள். அந்த வட்டத்தின் வழியே மழை கம்பி கம்பியாக இறங்கி, பளிங்குத் தரையிலிருந்த சின்னச் சின்னத் துளைகளில் வடிந்து காணாமல் போனது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி பேசாமல் இருந்தார்கள். அது என்ன இடம் என்றுகூடத் தெரியாமல் அரைமணி நேரம் நின்றேன். பேரரசர் ஹாத்ரியன் காலத்தில் எழுந்த கட்டடம், கம்பி கட்டாத கான்கிரீட் கூரைகளில் இன்றுவரை அதைவிடப் பெரியது உலகத்தில் இல்லை, குறுக்கேயும் உயரத்திலும் ஒரே 43.3 மீட்டர் என்பதெல்லாம் சென்னை திரும்பி நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. ஆச்சரியம் முதலிலும் விவரம் பிறகும் வந்தது. அந்த வரிசையை நான் இப்போதும் பெரிய பாக்கியமாக நினைக்கிறேன்.

2025 பிப்ரவரியில் மகளோடு மறுபடி போனேன். அவள் சென்னையில் இருந்தபடியே எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டாள். பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வந்திருந்தது. கைப்பேசியில் சீட்டு, அதில் எங்களுக்கான நேரம். சதுக்கத்துக்குள் திரும்புவதற்கு முன்பே, எதிரே வரப்போகும் தூண்கள் எகிப்திலிருந்து வந்த கருங்கல் என்று வாசித்துச் சொன்னாள். அன்று நல்ல வெயில். வட்டத்தின் வழியே விழுந்த ஒளி கூரையின் உள்வளைவில் ஒரு பெரிய தட்டு மாதிரி நின்றது. இரண்டாயிரம் வருஷத்தை நெருங்கும் கட்டடத்தைப் பராமரிக்கக் காசு வேண்டும், கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. மழைக்கு ஒதுங்குகிறவனுக்குத்தான் இனி அங்கே இடமில்லை.

1993இல் மாலையை ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்தே கழித்தேன். யாரோ கிடார் வாசிக்க, யாரோ பாட, தபால்தலை ஒட்டிய படஅட்டையை முழங்காலில் வைத்து அம்மாவுக்கு நாலு வரி எழுதினேன். அது எனக்கு இரண்டு வாரம் பிந்தி வீடு வந்து சேர்ந்தது. அட்டையில் இருந்த புனித பேதுரு ஆலயத்தைப் பார்த்துவிட்டு, "கோயில்தானே" என்று அம்மா அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இந்த முறை அதே படியில் நான் உட்காரப் போக, விசில் சத்தம் கேட்டது. "எழுந்திருங்கப்பா, 2019லேருந்து இங்க உக்காரக் கூடாதாம்" என்றாள் மகள். நின்றபடியே வீட்டைக் கூப்பிட்டோம். அந்த நொடியிலேயே மனைவி திரையில் தோன்றி, "மப்ளர் எங்கே?" என்று கேட்டாள். அம்மாவுக்கும் அப்படி ஒரு திரை கிடைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

திரேவியில் இந்த முறை ஒரே நேரத்தில் 400 பேரைத்தான் தண்ணீர் அருகே விட்டார்கள். 1993இல் 200 லிரா போட்டேன், திரும்பி வருவேன் என்ற நம்பிக்கையில். இந்தத் தடவை மெட்ரோவிலும் காபிக் கடையிலும் அட்டையைத் தொட்டே நடமாடியதால் இருவரிடமும் ஒரு நாணயம்கூட இல்லை! பக்கத்துக் கடைக்கு ஓடி ஐஸ்கிரீம் வாங்கி, தாளைக் கொடுத்துச் சில்லறை பெற்று வந்தோம். அந்தக் குளத்துக் காசு காரித்தாஸ் தொண்டு நிறுவனம் வழியாக ஏழைகளுக்குப் போகிறது என்று சொன்னதும் அவள் இன்னொன்றும் போட்டாள்.

திரும்பும் வழியில் அவளுக்குத் தாகம். தெருமுனையில் 'நசோனே' நின்றது. பெரிய மூக்கு என்று பொருள். 1874 முதல் ரோமின் தெருக்களில் ஓயாமல் ஓடும் இரும்புக் குழாய். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து நீர் பீறிட்டு எழும், குனியாமல் குடிக்கலாம். 1993இல் ஒரு பத்திரிகைக் கடைப் பெரியவர், எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே, என் விரலைப் பிடித்து அதைக் கற்றுக் கொடுத்தார். மகளின் கைப்பேசியில் நகரத்துக் குழாய்கள் அத்தனையும் புள்ளி புள்ளியாக இருந்தன. துளையைப் பற்றி அவள் அறிந்திருக்கவில்லை. நான் விரலை வைத்து அடைத்தேன். நீர் எழும்பி அவள் முகத்தில் அடித்தது. "ஐயோ, அப்பா!" என்று பின்னால் குதித்தவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நகருங்க, நான் பண்றேன்" என்றாள்.