வெள்ளை அடிக்க வந்த புள்ளைக

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. கோவில்பட்டிக்குக் கிழக்க ஒரு பட்டிக்குப் போயி, ஏழை எளியதுக வீட்டையெல்லாம் சீர்திருத்தப் போறீகளாமே? நல்ல காரியம். ஒரே கலர்ல பனியன் தச்சாச்சு, தொப்பி வாங்கியாச்சு, பேனரை எந்த வேப்பமரத்துல கட்டணும்கிறதுகூட முடிவாயிருச்சாம். அந்த வீட்டுக்காரிகிட்ட மட்டும் இன்னும் ஒரு வார்த்தை கேக்கலையாம். கேட்டுக்கிடலாம், அதுக்கென்ன அவசரம்? வீடு அவளுதுதான, எங்க போயிரப் போவுது?

உங்க காலேஜ்ல நாட்டு நலப்பணித் திட்டம்னு ஒண்ணு இருக்குல்ல, அது காந்தி நூற்றாண்டு வருசமான 1969-ல ஆரம்பிச்சது. ‘நானில்லை, நீ’ங்கிறதுதான் அதோட மந்திரம். எம்புட்டுப் பெரிய பேச்சு! மண்வெட்டியைப் பிடிக்கிற வரைக்கும் அது ஞாபகம் இருக்கும். செல்போனைத் தூக்கினா மறந்துரும். கிழவியை ஓரமா ஒதுங்கச் சொல்லிட்டு நீ நடுவுல நிக்கக்கூடாது, ஆமா.

போன உடனே எதை இறக்குவீக? பெயிண்டு டப்பாவை. எனக்குத் தெரியும்ல! பெயிண்டுதான போட்டோவுல தெரியும்? அங்கணத்துத் தண்ணி ஓட வாட்டம் எடுத்துவிட்டா அது யாரு கண்ணுல படும்? சரி, மண்சுவர்ல ஆயில் பெயிண்டை அடிச்சா என்னாகும்னு யோசிச்சியா? மண்சுவரு மழைக்காலத்துல ஈரத்தை இழுக்கும். வெயில் அடிச்சா விட்டுரும். நீ மேல பெயிண்டைப் பூசி அடைச்சிட்டா அந்த ஈரம் எங்க போகும்? உள்ளயே கிடந்து சுவரை அரிக்கும். அப்புறம் பெயிண்டு பாளம் பாளமாப் பேந்து வரும். வரும்போது மண்ணையும் சேத்து இழுத்துக்கிட்டு வரும். எங்க ஆத்தாமாரு பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிச்சது கஞ்சத்தனம்னா நினைச்சே? சுண்ணாம்பு ஈரத்தை அடைக்காது, ராசா. சுவரை வச்சித்தான் சித்திரம்னு பழமொழி சொல்லுவாக. அது பாதிதான். கூரையை வச்சித்தான் சுவரு.

சுவர்ல விரிசலைக் கண்டா உடனே கரண்டியைத் தூக்குவீக. பொறு. இது கரிசக்காடு. சித்திரை வைகாசியில கை நுழையிற அளவுக்கு நிலம் வெடிச்சுக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்தா அதே மண்ணு உப்பி மேல எழும்பும். கீழ பூமியே ஏறி இறங்குது, மேல நீ சிமெண்டை அப்புறே. அது நிக்குமா? கோடையில பூசினது மழையில பொரிஞ்சு விழும். இந்த மண்ணுல வீடு நிக்கணும்னா கரிசலைத் தாண்டி, சரளை தட்டுப்படுற மட்டும் வானம் தோண்டணும். எங்க ஊருக் கொத்தனாரு கடப்பாரைச் சத்தத்தை வச்சே சொல்லிருவாரு, தட்டுப்பட்டது சரளையா இல்லையான்னு. ரூர்க்கியில மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, அவுக இந்த மண்ணுக்காகவே ஆழமாத் துளைபோட்டு, அடியில அகலப்படுத்தித் தூண் இறக்குற வித்தையைக் கொண்டாந்தாக. அம்புட்டுப் படிச்சவுகளையே யோசிக்க வச்ச மண்ணு இது. நீ ஒரு சட்டி சிமெண்டுல வேலையை முடிச்சிட்டுச் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கப் பாக்கிறே!

அடுத்தது கக்கூஸ். 2014 காந்தி ஜெயந்தியில தூய்மை இந்தியான்னு ஆரம்பிச்சு, வீட்டுக்கு 12,000 ரூபா குடுத்தாக. திட்டம் நல்ல திட்டந்தான். ரெண்டு குழி. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் ஓடணும். அது நிறைஞ்சா மத்ததுக்கு மாத்திவிட்டு, பழசை ரெண்டு வருசம் மூடி வச்சா உள்ள கிடக்கிறது எருவாயிரும். நாத்தமும் இருக்காது, ஆளை இறக்கி அள்ளவும் வேண்டாம். ஆனா விவரம் புரியாம ரெண்டு குழியையும் ஒண்ணாத் திறந்துவிட்டா? ரெண்டும் ஒண்ணா நிறைஞ்சு நிக்கும். கரிசலு தண்ணியை லேசுல குடிக்காது வேற. தோண்டின குழியில ராத்திரி நாலு வாளித் தண்ணியை ஊத்தி வையி. விடிஞ்சு போயிப் பாரு. தண்ணி அப்படியே நின்னா, சுத்தி மணலைப் போட்டுக் குழியைப் பெருசாக்கணும். இதுக்குப் பெரிய படிப்பா வேணும்? இன்னொண்ணு, தெருக்குழாயில இருந்து அங்க தண்ணி சுமக்கப் போறது யாரு? நீயா? அதைக் கேக்காம கட்டினா, அதுக்குள்ள பருத்திமார்தான் அடுக்கியிருக்கும்.

புகையில்லா அடுப்புன்னு 1980-கள்ல சர்க்காரே ஊரூராக் கொண்டாந்துச்சு. பொம்பளைக கண்ணெரிச்சல் தீரணும்னு நல்ல எண்ணந்தான். அடுப்பு வாயோ சின்னது. அவ கொண்டாரது சீமைக்கருவேல விறகு, முழங்கைத் தடிமன். அதைப் பொளந்து சிறுசாக்க யாரு வருவா? குழாய்க்குள்ள கரி அடைச்சா யாரு குத்திவிடுவா? ஓலைக்கூரையில ஓட்டையைப் போட்டு, கொதிக்கிற குழாயை அது வழியா விடுறதுன்னா அவளுக்குப் பயமா இருக்காதா? ஒரு நாள் கூட இருந்து அவ சோறு பொங்குறதைப் பாத்திருந்தா இந்தக் கேள்வியெல்லாம் அன்னைக்கே வந்திருக்கும்.

இன்னொரு ரகம் இருக்கு. அவுக பெயிண்டு கொண்டார மாட்டாக, உபதேசம் கொண்டாருவாக. “ஆகா, மண்வீடு! ஓலைக்கூரை! எம்புட்டுக் குளிர்ச்சி! இதை மாத்திராதீங்க பாட்டி”ம்பாக. சொல்லிட்டு மெத்தைவீட்டுக்குப் போயி ஏசியைப் போட்டுப் படுப்பாக. ஓலை குளிர்ச்சிதான், யாரு இல்லைன்னா? ஆனா ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்க மாத்தி வேயணும். பனையேறவும் ஆளில்லை, வேயவும் ஆளில்லை. தேளு விழும், தீப்பொறி பட்டா ஒரு நிமிசத்துல போயிரும். அதுக்காக ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைப் போட்டா பங்குனி வெயில்ல உள்ள இருக்க முடியுமா? அந்தத் தூசி நெஞ்சுக்கும் ஆகாது. லாரி பேக்கர்னு ஒரு கட்டடக்காரரு இருந்தாரு. இங்கிலாந்துல பிறந்து, திருவனந்தபுரத்துல வாழ்ந்து, 2007-ல கண்ணை மூடினவரு. சுத்துவட்டம் அஞ்சு மைலுக்குள்ள கிடைக்கிறதை வச்சு வீடு கட்டணும்னு காந்தி சொன்னதை ஆயுசுக்கும் பிடிச்சிக்கிட்டவரு. ஆனா அவரு குடியிருக்கப் போறவுககிட்டப் பேசி, கொத்தனாரோட கூட நின்னு கட்டினாரு. உபதேசக்காரவுக அவரு பேரை மட்டும் பிடிச்சிக்கிட்டாக.

சரி தாத்தா, அப்ப என்னதான் செய்யச் சொல்றேங்கிறியா? முதல் நாளு எதையும் தொடாத. வாசல்ல உக்காந்து ஒரே ஒரு கேள்வி கேளு: “மழை பேஞ்சா எங்க படுப்பீக?” அவ சொல்லக் கூச்சப்பட்டா தரையைப் பாரு. சாணி மெழுகின தரையில அங்கங்க சின்னச் சின்னப் பள்ளம் கிடக்கும். கூரை ஒழுகி ஒழுகி விழுந்த இடம் அது. கூரையில எங்க கை வைக்கணும்னு தரையே சொல்லிரும். அப்புறம் அவளே ஒவ்வொண்ணாச் சொல்லுவா. குளிக்க ஒரு மறைப்பு வேணும். கதவுக்கு உள்தாழ்ப்பா வேணும். எலி ஏறாம அரிசி வைக்க ஒரு பரண் வேணும். எதுலயாச்சும் வர்ணம் இருக்கா பாரு!

ஒரு ரகசியம் சொல்றேன், கேட்டுக்கோ. உன்கிட்ட இருக்கிற பெரிய ஆயுதம் பெயிண்டு பிரஷ் இல்லை, பேனா. 2024-ல கலைஞரின் கனவு இல்லம்னு அறிவிச்சாக. 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்சம் ரூபா. டெல்லி சர்க்காரு பிரதமர் வீட்டுவசதித் திட்டத்துல சமவெளிக்கு 1.20 லட்சம்னு வச்சிருக்கு. இம்புட்டும் இருக்க, இவ ஏன் இன்னும் குடிசையில கிடக்கா? இடத்துக்குப் பட்டா இல்லை. பத்திரம் பாட்டன் பேர்ல இருக்கும், இல்லாட்டி இடமே புறம்போக்கா இருக்கும். இவளுக்கு மனு எழுதத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல குறைதீர்க்கும் நாளு. கூட்டிக்கிட்டுப் போ. ரசீதை வாங்கி மனு நம்பரைக் குறிச்சுக்கோ. பனியனைக் கழட்டின பெறகும் அது என்னாச்சுன்னு விசாரி. வீடு கிடைச்சாலும் பணம் மொத்தமா வராது, கட்டக் கட்டத் தவணையாத்தான் வரும். முதல்ல வானம் தோண்டக் கைக்காசு வேணும். வட்டிக்காரன் வந்து உக்காருறது அந்த இடத்துலதான். உங்க பேனருக்கும் பனியனுக்கும் ஆன காசு அங்க உதவும்.

கடைசியா ரெண்டு புத்தி. நீங்க வந்தா அவ சும்மா விடமாட்டா. கடையில கடன் சொல்லியாவது கலர் வாங்கியாந்து ஊத்துவா. வேண்டாம்னா மனசு கோணும். ஒரு வாய் குடிச்சிட்டு, சமையல் சாமானை நீங்க வாங்கிக் குடுத்து எல்லாரும் சேந்து சாப்பிடுங்க. ரெண்டாவது, கொத்து வேலைக்கு ஊருக் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூலி குடுங்க. நீங்க சித்தாளா நில்லுங்க. ஓசியில நீங்க கட்டுற கோணல் சுவராலே அவரு ஒரு வாரக் கூலியை இழக்கணுமா?

இம்புட்டுக்கும் அப்புறம் பெயிண்டு மிச்சமிருந்தா, அடிக்கணுமா வேண்டாமான்னு அவகிட்டக் கேளு. வேண்டாம்னா பேசாமத் திருப்பிக் கொண்டாந்துரு, பேராண்டி.