எடுபிடியா, முதலாளியா?

கேள்வி: உடலில் வேலையெல்லாம் செய்வது நொதி. கோஃபாக்டர் என்பது அதன் எடுபிடிதானே?

பதில்: எடுபிடி வராத நாளில் கடையே திறக்காது என்றால், யார் முதலாளி? 1906-ல் லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட் சாற்றை ஜெலட்டின் வடிகட்டியில் அழுத்தி இரண்டாகப் பிரித்தார்கள். மேலே தங்கிய நொதிப் புரதம் சர்க்கரையைப் புளிக்க வைக்கவில்லை. கீழே இறங்கிய நீரும் வைக்கவில்லை. இரண்டையும் கலந்ததும் மறுபடி நுரைத்தது. அந்த நீரைக் கொதிக்க வைத்துச் சேர்த்தாலும் வேலை நடந்தது. புரதத்தைக் கொதிக்க வைத்தால் எல்லாம் நின்றது. ஆக, நீரில் இருந்தது புரதமல்ல, சூடு தாங்கும் சிறு மூலக்கூறு. அப்படிப்பட்டதுதான் கோஃபாக்டர்.

எதை உடைப்பது என்று தேர்ந்தெடுப்பதும் வேகம் கூட்டுவதும் புரதம்தானே என்பீர்கள். உண்மைதான், பெப்சின் போன்ற நொதிகளுக்குக் கோஃபாக்டரே வேண்டாம் என்பதும் உண்மை. ஆனால், கோஃபாக்டராக உதவும் பி1 வைட்டமினான தயமின், பக்கத்தில் புரதமே இல்லாவிட்டாலும், சர்க்கரை உடையும்போது உருவாகும் பைருவேட்டை மெதுவாக உடைக்கும்; அந்த வேதிவினைக்கான திறமை அதனுடையது. தயமின் இல்லாத நொதியோ பைருவேட்டை உடைக்க முடியாமல் சும்மா நிற்கும். அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டித் தின்ற ஊர்களில் பெரிபெரி நோய் கால்களை மரக்கச் செய்து இதயத்தையும் நிறுத்தியது. அந்த உடல்களில் நொதிக்குப் பஞ்சமில்லை. தவிட்டோடு போனது தயமின்.